இரண்டு பேட்டரிகளோடு காபி குடிக்க வந்தவன்

கைக்கு ஒரு பேட்டரியாகத் தூக்கிக்கொண்டு ஹார்லன் காபிக் கடைக்குள் நுழைந்தான். எங்கள் மேஜையில் காலியாக இருந்த நாற்காலியில் இரண்டையும் விருந்தாளிகளைப் போல உட்கார வைத்தான்.

"அதுங்களுக்கும் காபி ஊத்தணுமா?" என்றாள் பரிமாறுகிற வாண்டா.

"எனக்கு மட்டும். கூட பான்கேக்."

டெல்மர் பேட்டரிகளைப் பார்த்தான். "உன் டிரக்கோடதா? எவனாவது திருட வந்தானாடா?"

"திருடன்னா பரவாயில்லையே. பொண்டாட்டி."

நாங்கள் சிரித்தோம். ஹார்லன் ஏதாவது சொன்னால் சிரிப்பது எங்கள் வழக்கம். எங்கள் மேஜையில் இருக்கிற யார் வண்டி நின்றுபோனாலும் அவன் வந்து கை வைத்தால்தான் கிளம்பும். அதற்காகச் சில சமயம் முன்கூட்டியே சிரித்து வைப்போம்.

விஷயம் இதுதான். அவன் மனைவி கோரினுக்கு அன்று பத்து மணிக்கு பில்லிங்ஸ் நகரத்தில் நேர்காணல். டிராக்டர் பட்டறை ஒன்றில் மெக்கானிக் வேலை.

"மெக்கானிக்காம். ஜாம் பாட்டில் மூடியத் திறக்க என்னைக் கூப்பிடறவ. ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன், போறதா இருந்தா பேட்டரியக் கழட்டிடுவேன்னு. அப்பவாவது அடங்கினாளா?"

"பாவம்டா," என்றான் டெல்மர். "மூணு மாசமா எழுதிப் போட்டு, இப்பத்தான் கூப்பிட்டிருக்கான். குளிர்காலம் பூரா உன்கூட ஷெட்டுலதானே கிடந்தா?"

"கிடந்தா, டார்ச் பிடிச்சுக்கிட்டு. அதையாவது ஒழுங்காப் பிடிச்சாளா? பம்பு மேல அடின்னா என் கை மேல அடிப்பா. டார்ச் பிடிச்சவல்லாம் மெக்கானிக்னா, சர்ச்சுல மெழுகுவத்தி பிடிக்கிறவன்லாம் பாதிரியாரா?"

அந்தக் குளிர்காலத்து வேலையைப் பற்றி எங்கள் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால்தான் டீசல் பீய்ச்சும் எஞ்சின்தான் அவன் டிரக்கில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பழங்காலத்து இரும்புப் பம்பு ஒன்றை ஹார்லன் பொருத்தினான். அது முடிந்ததிலிருந்து, கம்ப்யூட்டர் வண்டி வைத்திருக்கிற எங்களையெல்லாம் அவன் ஆண்பிள்ளைகளாகவே மதிப்பதில்லை.

"எஞ்சின் சுத்தினா பம்பு சுத்தும். பம்பு சுத்தினா டீசல் பீச்சும். நடுவுல எந்தப் பொட்டியோட தயவும் வேணாம்," என்றான். இதை நாங்கள் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்போம்.

ஒயரைப் பிடுங்கிய வேகத்தில் சாவித் துவாரத்தையும் பிடுங்கிவிட்டு, அங்கே வண்டியைக் கிளப்ப ஒரு பொத்தானை வைத்திருந்தான். அதனால் ஒளித்துவைக்கச் சாவி இல்லை, பேட்டரிகளைத்தான் தூக்க வேண்டியிருந்தது. கோரினின் சின்னக் காரையும் விட்டுவைக்கவில்லை. முழங்கால் மோவாயில் இடிக்க அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பேட்டரிகளைக் காரிலேயே விட்டிருக்கலாம். எங்களிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"போய்ட்டுத்தான் வரட்டுமேடா," என்றான் டெல்மர் மறுபடியும்.

"எதுக்கு, என் மானத்த வாங்கவா? வண்டிய நிறுத்தவே தெரியாதுடா அவளுக்கு. நேத்து டிரக்குல தீவனம் ஏத்திட்டு வந்தவ, ஷெட்டுல விடாம மேட்டு மேல கொண்டுபோய் விட்டிருக்கா, மூஞ்சி ரோட்டைப் பார்த்து. டயருக்கு ஒரு கட்டைய வேற முட்டுக் கொடுத்திருக்கா. ஹேண்ட்பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதே மண்டையில ஏறல."

அதற்கும் சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது, ஆனாலும் வந்தது.

அவன் மூன்றாவது பான்கேக்கில் பாகை ஊற்றிக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அப்படிக் கடகடக்கிற எஞ்சின் ஒன்றே ஒன்றுதான்.

ஹார்லன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பார்த்தான். பேட்டரிகள் இரண்டும் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

கடை வாசலில் டிரக் வந்து நின்றது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. கோரின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். இஸ்திரி போட்ட சட்டை, இழுத்துக் கட்டிய தலைமுடி. பக்கத்து இருக்கையில் அந்த மரக்கட்டை.

"வாண்டா, ஒரு காபி கொண்டுவந்து தர்றியா? வண்டிய அணைச்சா அப்புறம் தள்றதுக்கு ஆள் வேணும்."

வாண்டா இருப்பதிலேயே பெரிய கோப்பையை எடுத்து நிறைய ஊற்றிக்கொண்டு ஓடினாள்.

டெல்மர் மெதுவாகச் சொன்னான். "மேட்டுலேர்ந்து உருட்டிவிட்டுக் கியரப் போட்டிருக்காடா. சக்கரம் எஞ்சினச் சுத்திவிட்டிருக்கு. மிச்சத்தத்தான் நீயே தினமும் சொல்றியே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், ஆனால் டெல்மரின் வண்டிக்கு அந்த வாரம் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது.

வாயோரத்துப் பாகைக்கூடத் துடைக்காமல் ஹார்லன் வாசலுக்குப் போனான். கதவைத் திறந்து போட்டதால் எங்களுக்கு எல்லாமே கேட்டது.

"இதெல்லாம் உனக்கு எவன்டி சொல்லிக் கொடுத்தான்?"

கோரின் ஒரு வாய் காபி குடித்தாள். கோப்பையை மரக்கட்டைக்கு அண்டையாக வைத்துவிட்டுக் கியரைப் போட்டாள்.

"டார்ச் பிடிக்கிறவ கண்ணை மூடிக்கிட்டா பிடிப்பா, ஹார்லன்?"