அரியர் மாணவர்

"துளை உள்ள போகப் போக மேல ஏறணும், வெண்டல்! அப்பத்தானே சாறு வெளிய வழியும்? மூணு வருஷமா சொல்றேன், காதுல என்ன பஞ்சா?"

லோர்னா துளைக்கருவியைப் பிடுங்கி, மேப்பிள் மரத்தில் தானே துளையிட்டுக் குழாயைத் தட்டிச் செருகினார். தண்ணீர்போல் தெளிந்த சாறு வாளிக்குள் சொட்டத் தொடங்கியது. ஐம்பத்தேழு வயது வெண்டல் அசடு வழிய நின்றார்.

அமெரிக்காவின் வெர்மாண்டில் உள்ள லோர்னாவின் பண்ணையில் வருடாவருடம் மார்ச் மாதம் மேப்பிள் பாகு காய்ச்சக் கற்றுத்தரும் இரண்டு நாள் வகுப்பு. மற்றவர்கள் ஒரே தடவையில் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள். வெண்டல் மட்டும் அரியர் எழுத வருபவர்போல் வருடம் தவறாமல் வந்துவிடுவார்.

மறுநாள் கொட்டகையில் சாறு காய்ச்சினார்கள்.

"பொங்குது, பொங்குது! நுரை அடங்கத் துளி வெண்ணெய் போடுங்க! எங்க பாத்துட்டிருக்கீங்க?"

லோர்னாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எப்படிச் சொல்வது?

மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் வீட்டில் அவரை அதட்டக்கூட ஆளில்லை. லோர்னாவும் விவாகரத்தாகித் தனியே இருப்பவர்தான். இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு மார்ச்சிலும் கிளம்பி வருவார். நேரில் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வெண்டல் மட்டும் கையுறையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், அடுத்த வருஷத்துக்கு இப்பவே பேர் குடுத்துடவா?"

"வேண்டாம். உங்களுக்கு இனிமே வகுப்புல இடமில்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு மக்கா இருந்தா நீங்களும்தான் என்ன பண்ணுவீங்க?" என்று சிரிக்க முயன்றார். முடியவில்லை. இனி மார்ச்சும் மற்ற மாதங்களைப் போலத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

"நில்லுங்க. செப்டம்பர்ல உங்க ஊர்க் கண்காட்சிக்கு வந்திருந்தேன்" என்றார் லோர்னா. "மேப்பிள் பாகுல பன்னெண்டு வருஷமா முதல் பரிசு யாருக்குன்னு பாத்தேன். சாறு ஓடற வாரத்துல சொந்தத் தோப்பை விட்டுட்டு இங்க வந்து யாராவது திட்டு வாங்குவாங்களா?"

வெண்டல் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. பாகை மட்டும் உங்க வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வாங்க."