உப்புக் களவாணிகள்

“நனைஞ்ச சேலையோட ஒருத்தியும் வாசலைத் தாண்டப்படாது!”

தூத்துக்குடி உப்பளத்தில் கங்காணி இசக்கியம்மாள் குறுக்கே நின்றாள். பகலெல்லாம் பாத்தியில் நின்று, ஒழுகும் ஓலைப்பெட்டி சுமந்து, தொப்பலாக நனைந்திருந்த பெண்கள் முறைத்தார்கள்.

“ஏங்க்கா?” என்றாள் செல்லக்கனி.

“சேலை மடிப்புல உப்பு வெளிய போவுதாம். முதலாளி கொட்டகை போட்டிருக்காரு. மாத்துச்சேலை உடுத்திட்டுப் போங்க.”

வெள்ளைக்காரன் உப்புக்கு வரி வாங்கின காலம். ஒரு கை உப்பு குறைந்தாலும் முதலாளிக்கு உயிர் போய்விடும்.

“நாங்க என்ன களவாணியளா?”

“மேலுல ஒட்டுன உப்பும் முதலாளி உப்புதான். குடத்துல நல்லதண்ணி இருக்கு. கீழயும் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும்.”

“சவுக்காரம் வேண்டாமாக்கும்?” ஞானபாய் குத்தலாகக் கேட்டாள்.

“வேண்டாம், தண்ணி போதும். உள்பாவாடையை வெயில்ல காயப்போடுங்க. மூலையில ஒளிச்சுப் போட்டா உப்பு உதிராது.”

உப்புக்கு இத்தனை சாஸ்திரமா! தினமும் திட்டிக்கொண்டே கழுவினார்கள், திட்டிக்கொண்டே உடுத்தினார்கள்.

செல்லக்கனிக்கு ஏற்கெனவே சொல்ல முடியாத தொல்லை. அந்த இடத்தில் ஓயாத அரிப்பு, வெள்ளைபடுதல். புருஷனிடமும் சொல்ல முடியாது, ஆம்பளை டாக்டரிடமும் காட்ட முடியாது. இதில் களவுப்பட்டம் வேறு. அவள் வீட்டில் யாரும் அந்தப் பேர் வாங்கியதில்லை.

ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இசக்கியம்மாளிடம் போய் நின்றாள்.

“நாளையிலருந்து நான் வரல. களவாணின்னு பேர் வாங்கிக்கிட்டு உப்புச் சுமக்க என்னால ஆகாது.”

“சரி, போ. போகும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போ. அரிப்பு எப்பிடி இருக்கு?”

செல்லக்கனிக்கு முகம் சிவந்துவிட்டது. “எ... என்ன அரிப்பு?”

“பாத்தியில நின்னு நெளிவியே, அதான். நானும் நெளிஞ்சவதாம்ளா. இங்கன நெளியாதவ யாரு?”

செல்லக்கனி யோசித்தாள். அரிப்பு எப்போது நின்றது? கோபத்தில் அதைக் கவனிக்கவே இல்லை!

“ஈரத்துணிதான் காரணமாக்கா? எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். முதலாளி அண்ணாச்சி கொட்டகையைப் பிரிச்சிருவாரு.”

“அதுக்காக எங்களைக் களவாணி ஆக்கணுமா?”

இசக்கியம்மாள் சிரித்தாள்.

“பொம்பளையளுக்குச் சேலை மாத்த ஒரு மறைப்பு வேணும்னு வருசக்கணக்காக் கேட்டேன், அண்ணாச்சி காதுல விழல. உப்புக் களவு போவுதுன்னு ஒரே ஒரு வாட்டி சொன்னேன், விடியுமுன்ன கொட்டகைக்கு ஓலை வந்து எறங்கிட்டு. இப்ப சொல்லுளா களவாணி, நாளைக்கு வருவியா மாட்டியா?”