பேய் கேட்ட தொண்டை

முதலில் குரல்தான் கேட்டது. கரகரத்த ஆண்குரலில் ஒரு தாலாட்டு.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் உத்தரவைச் சொல்ல வந்த கணக்கப்பிள்ளை தம்பையா, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே ஆண் யாருமில்லை. உச்சிவெயில் நேரத்திலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ரெங்கம்மாதான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது, புருவ முடி உதிர்ந்திருந்தது. தொட்டிலில் பிள்ளை இல்லை. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் அதே குரலில். "தரைக்குக் கீழேருந்து பேசுறாங்க."

ஒரு மாதத்தில் தெளியாவிட்டால் கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. இதுதான் உத்தரவு. அங்கே போன எவரும் தோட்டத்துக்குத் திரும்பியதில்லை.

புருஷன் வீரய்யா, பூசாரி கந்தப்பனிடம் ஓடினான். பூசாரி உடுக்கடித்துக் குறி பார்த்தார். பேய் தினம் ஓர் ஆட்டுத் தொண்டை கேட்கிறதாம்.

"எத்தன நாளைக்குச் சாமி?"

"அவ கட்டை வேகுற வரைக்கும்."

வீரய்யா விடியுமுன் மூன்று மைல் நடந்து, பதுளையில் றவூப்பின் இறைச்சிக்கடையில் வாங்கி, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எடுக்குமுன் திரும்பிவிடுவான். பூசாரி பொட்டலத்தை மடியில் மறைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போவார். சற்று நேரத்தில், திருநீறு பூசிய சின்னத் துண்டு ஒன்று ரெங்கம்மாவின் வாய்க்கு வரும். மிச்சம் சாமிக்கா, பூசாரிக்கா என்று தண்ணீர் பிடிக்கும் பெண்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் வாரம் ரெங்கம்மா கம்பளியை உதறினாள். நான்காம் வாரம், சொந்தக் குரலில் பிள்ளையைக் கேட்டாள்.

துரை உத்தரவை விட்டுவிட்டார். பூசாரி தொண்டையை விடவில்லை. நிறுத்தினால் பேய் திரும்பும் என்றார். பேயைவிடப் பெரிய பேய் கந்தப்பன்தான் என்றது லயம்.

அவரைத் தோட்டத்தைவிட்டு விரட்ட, கம்பவுண்டரையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளத் தம்பையா மருந்துச்சாலைக்குப் போனார். மேசைமேல் ஓர் ஆட்டுத் தொண்டை. கம்பவுண்டர் குரல்வளையின் இருபுறமும் ஒட்டியிருந்த சிவந்த சதையை அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் திருநீற்றுத் தட்டோடு பூசாரி.

கம்பவுண்டரே சொன்னார். நம் தொண்டையிலும் இந்தச் சதை உண்டு. அது வற்றினால் உடம்பு ஊதும், குரல் மாறும், இல்லாதவர்கள் பேசுவதும் காதில் விழும். ஆட்டுச் சதைதான் அதற்கு ஈடு என்று சீமைப் பத்திரிகையில் போட்டிருந்ததாம்.

"இதைத்தான் மொத நாளே குடுத்தேன். வீரய்யா தூக்கி வீசிட்டான். அவனோட மூத்த தாரம் ஆஸ்பத்திரியில மருந்து குடிச்ச ராத்திரி செத்தவ. அப்புறந்தான் இவரு வந்து, எங்கிட்டக் குடுங்கன்னாரு."

தம்பையா பூசாரியைப் பார்த்தார். "மருந்துதான்னு இப்பவாச்சும் சொல்லலாம்ல? ஊரே காறித் துப்புதேய்யா."

"சொன்னா நாளைக்கே நிறுத்திப்புடுவாங்க. என்னைத் திட்டிக்கிட்டேயாவது வாங்கியாரட்டும்," என்ற பூசாரி, பாதியில் விட்டிருந்த துண்டுக்குத் திருநீறு பூசத் தொடங்கினார்.