பக்கத்து வீட்டுக் குழந்தை

புதிதாகச் சேர்ந்த கணக்காளன் பழைய பாட்டொன்றை முணுமுணுத்தபடி ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வருவேன்... வருவேன்... வருவேன்..."

மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

மேலாளர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி?"

"கீறல் விழுந்த ரெக்கார்டேதான், மேடம்!" என்று சிரித்தான். "எங்க வீட்டு இசைத்தட்டு அந்த இடத்துல மாட்டிக்கும். தட்டினாத்தான் நகரும். கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே வாய்ல ஒட்டிக்கிச்சு."

"வேற வாங்கியிருக்கலாமே?"

"அப்பா விடமாட்டார். கல்யாணத்துக்கு முன்னாடியே வச்சிருந்த ரெக்கார்டாம். அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது."

"கீறினது யாராம்?"

"பக்கத்து வீட்டுக் குழந்தையாம். ஊசிக்குப் பதிலா ஹேர்பின்னை வச்சுப் பாட வைக்கப் பார்த்துச்சாம். திட்ட மனசே வரலைன்னு சொல்வார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"நல்லா இருக்காரா?"

"இருக்கார். அப்பாவைத் தெரியுமா, மேடம்?"

"அந்த ஹேர்பின் என்னோடதுதான். ஆனா நான் பக்கத்து வீடு இல்ல. அந்த ரெக்கார்டைத் தூக்கிக்கிட்டு அவர் கிளம்பிப் போற வரைக்கும், அவரும் எங்கம்மாவும் நானும் ஒரே வீட்லதான் இருந்தோம். இனிமே மேடம் வேணாம் தம்பி, அக்கான்னே கூப்பிடு."