ஆறாவது அம்பு

1967 செபஸ்தியார் திருநாளன்று காஞ்சிபுரத்துச் சிற்றாலயத்துக்குள் இருந்தவர்கள் மூவர்: பெரியவர் ஆரோக்கியம், மகன் சின்னப்பன், மருமகள் ராயம்மாள். சப்பரம் தூக்குபவர்கள் வெளியே காத்திருந்தார்கள்.

ரோமாபுரி அரசன் அம்பெய்து கொல்லச் சொன்ன செபஸ்தியாருக்குத் தங்கள் தறியில் நெய்த பட்டை உடுத்துவது ஆரோக்கியம் வீட்டு உரிமை. சிலையின் ஐந்து அம்புகளையும் கழற்றித் தட்டில் வைத்து, பட்டு உடுத்தியபின் மறுபடி செருக வேண்டும்.

சின்னப்பன் ஐந்தையும் செருகினான். தட்டில் ஒன்று மீந்திருந்தது.

"அஞ்சு எண்ணத் தெரியாதாடா உனக்கு?" என்று ஆரோக்கியம் தாமே எண்ணிப் பார்த்தார். சிலையில் ஐந்தும் இருந்தன. வேறு துளை இல்லை.

"வெளியில சொல்லிடலாம்பா."

"சொன்னா, எண்ணத் தெரியாதவங்கன்னு உரிமையப் புடுங்கிடுவானுங்க. இடுப்புல சொருகிக்கோ."

"வாணாம் மாமா," என்றாள் ராயம்மாள். பெரியவர் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

சின்னப்பன் அம்பை இடுப்பில் செருகிக்கொண்டு சப்பரத்துக்குத் தோள் கொடுத்தான். தெருமுனை திரும்பும்போது முகம் வெளுத்தது.

"எடுக்க வரலப்பா."

ஆரோக்கியம் இரு கைகளாலும் பிடித்து இழுத்தார். சதைக்குள் இறங்கியிருந்த அம்பு அசையவில்லை.

செபஸ்தியார் சிலையில் ரத்தம் வழிந்ததாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். சிலையின் பட்டில் ஒரு சொட்டுகூட இல்லை.