எழுத விடாத ஃபோல்டர்

மூன்றாவது தடவையும் திரையில் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் வூட்ல, நான் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்ல, எனக்கே அனுமதி இல்லையா? இன்னாம்மா இது?"

"எங்க தப்புன்னு பாக்கறேன் மாமா," என்றாள் மருமகள் கோகிலவாணி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

நாளைக்கு நெல்லிவாசலில் திருவிழா. ஒவ்வொரு வகையறாவிலும் பிறந்த பெண்களைப் பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாமி முன்னால் பூசைத் தட்டு கொடுப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவள் சாமியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு நிற்க வேண்டியதுதான்.

ஏழு வகையறாப் பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்து அச்செடுக்கக் கோகிலவாணி கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிசைப்படுத்தி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். ஆறு வகையறா சேர்ந்துவிட்டது. சொந்த வகையறாவில்தான் புதிதாக ஒரு பெயரை ஏற்ற முடியவில்லை.

அந்தப் பெயர் நதியா. வேடியப்பனின் ஒரே மகள். அப்பன் சொல்லை மீறிக் கண்ணமங்கலத்துப் பையனைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனவள், நாலு வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு நாளை வருகிறாள். "நதியா பேரு வுட்டுப் போச்சு, சேத்துடு" என்று மட்டும் காலையில் மருமகளிடம் சொல்லியிருந்தார். அதற்கு மேல் பேச நாக்கு கூசியது.

பட்டியலை வாங்கிப் போக வந்த பங்காளி பாண்டுரங்கன், ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். "இன்னாண்ணா, மிஷினு கூட உன் பேச்சைக் கேக்காதா?"

"இந்த வூட்ல இருக்கறவங்க யாரும் என் பேச்சை மீறுனது கெடையாதுடா."

"இருக்கறவங்க சரி. போனவங்க?"

வேடியப்பனுக்குக் காது மடல் சுட்டது.

கோகிலவாணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்கிரிப்டை ஓட்டும் அனுமதி இருந்தது. ஃபோல்டர் பெயரிலும் பிழையில்லை. அதே பெயரை வேறொரு ஃபோல்டரில் எழுதிப் பார்த்தாள், ஏறியது.

"நம்ம வகையறா ஃபோல்டர்லதான் மாமா. படிக்க வுடுது, எழுத வுட மாட்டேங்குது. எழுதற அனுமதியை எடுத்து வச்சிருக்கு."

"எப்போ?"

இன்னொரு கட்டளையைத் தட்டினாள். "கடைசியா மாத்துனது நாலு வருசத்துக்கு முன்னாடி..." சொல்லும்போதே குரல் தேய்ந்தது. விரல்கள் கீபோர்டை விட்டு மடிக்கு வந்துவிட்டன.

அந்த முகத்தை வேடியப்பன் பார்த்துவிட்டார். இதில் இவளைத் தவிர வேறு யார் கை வைக்கிறார்கள்? நாத்தனார் திரும்பி வந்தால் தன் மரியாதை குறையும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாளா? பெற்ற மகள்தான் தலைகுனிய வைத்தாள் என்றால், வந்த மருமகளுமா? அதுவும் இந்தப் பாண்டுரங்கன் எதிரில்!

"நீதான பூட்டுன?"

"ஆமா மாமா. இப்பதான் ஞாபகம் வருது."

"தொறக்க முடியுமா, முடியாதா?"

"ஒரு வரி அடிச்சா போதும்."

"அடி."

அவள் அடிக்கவில்லை. எழுந்து நின்றாள். "மாமா, கொஞ்சம் உள்ள வாங்க. தனியா சொல்றேன்."

பாண்டுரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் வேடியப்பனுக்கு வீம்பு இன்னும் ஏறியது.

"தனியா இன்னா தனியா? மறைச்சுப் பேச இந்த வூட்ல ஒண்ணுமில்ல. இவன் எதிர்லயே சொல்லு. யாரு சொல்லி என் பொண்ணு பேரைப் பூட்டி வச்ச?"

கோகிலவாணி தலையைத் தூக்கவே இல்லை.

"'நானே வந்து கேட்டாலும் தொறக்காத'ன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க, மாமா."