ஒரிஜினல்தான்

இந்த பஜாரில் டூப்ளிகேட் கத்தியை டூப்ளிகேட் என்று சொல்லி விற்பவன் நான் ஒருவன்தான். ஒரு நாள் ஒரு பெண் ஜெர்மன் கத்தி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். கணவர் வாங்கியதாம். விரல்மேல் குறுக்கே நிறுத்தினேன். எந்தப் பக்கமும் சாயவில்லை. செய்தித்தாளில் வைத்தேன், அழுத்தும் முன்பே தாள் இரண்டாயிற்று.

"சுத்த ஒரிஜினல்மா."

அவள் முகம் இருண்டது. "இதே மாதிரி டூப்ளிகேட் இருக்கா பாய்? அவருக்கு வித்தியாசம் தெரியக் கூடாது."

சேலை விலகிய தோளில் இன்னும் ஆறாத கோடு ஒன்று தெரிந்தது. முத்திரை முதல் பிடியின் ஆணிகள் வரை அச்சு அசலாக இருந்த போலியைத் தேடிக் கொடுத்தேன். அசலை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கடை திறந்ததுமே ஒருவர் வந்து அந்தப் போலியை மேசைமேல் வைத்தார்.

"பாய், இது ஒரிஜினலானு பாத்துச் சொல்லுங்க."

விரல்மேல் நிறுத்தினேன். பிடிப்பக்கம் சாய்ந்தது. அவர் கவனிக்கும் முன், நானே எடுத்ததுபோல் பிடித்துக்கொண்டேன்.

"ஒரிஜினல்தான் சார்."

"அப்ப ஏன் வெட்ட மாட்டேங்குது?"

எதை வெட்டிப் பார்த்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.